டீசல் புத்தகத்தின் எட்டாவது காலம்

எங்கள் தோட்டத்து சாமான் ஸ்டோரில் ஒரு டீசல் புத்தகம் இருந்தது. நீல அட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. ஓரத்தில் ஓட்டை போட்டு, சணலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பென்சில் காணாமல் போகக் கூடாது என்று சணல்; டீசல் காணாமல் போகக் கூடாது என்று புத்தகம். 1978-இல், பதினெட்டு வயதில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தேன். பெரிய கிராணி என் கையில் முதலில் கொடுத்தது அந்தப் புத்தகத்தைத்தான். பக்கத்துக்கு ஏழு காலம்: தேதி, லாரி நம்பர், டிரைவர் பேர், புறப்பட்ட மைல், திரும்பிய மைல், கேலன், கையெழுத்து.

டீசல் 44 கேலன் டிரம்களில் வரும். கைப் பம்பை டிரம்மின் வாயில் செருகி, வாளிக்கு இறைத்து, வாளியிலிருந்து லாரி டாங்கிக்கு ஊற்ற வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஒரு தடவை, மாலையில் பூட்டுவதற்கு முன் ஒரு தடவை, டிப் கம்பியை டிரம்முக்குள் விட்டு அளப்பேன். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமும் புத்தகத்தில் எழுதிய கேலனும் ஒத்துப்போக வேண்டும். போகாத நாட்களும் உண்டு. ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, ஓடாத மைலை ஓடியதாகச் சொல்வது, டாங்கியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி வெளியே விற்பது என்று அந்தத் தொழிலில் கைவரிசைகள் பல. ஒரு கேலனுக்கு இந்த லாரி தார் ரோட்டில் எத்தனை மைல் போகும், மழைக்குப் பிறகு செம்மண் ரோட்டில் எத்தனை போகும் என்று தெரிந்துவைத்திருந்தால்தான் திருட்டைப் பிடிக்க முடியும். ஆறு மாதத்தில் எனக்கு அது மனப்பாடம்.

அப்பா அதே தோட்டத்தில் லாரி டிரைவர். பெட்ஃபோர்ட் லாரி. அப்பாவின் கேலனை மகள் எழுதுகிறாளே என்று பெரிய கிராணிக்கு உறுத்தல். அதனால் அப்பாவின் லாரிக்கு ஊற்றிய பிறகு மட்டும் அவரே வந்து மறுபடியும் டிப் கம்பி விட்டுப் பார்ப்பார். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். கையெழுத்துக் காலத்தில் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகக் கையெழுத்துப் போடுவார்.

இதெல்லாம் எதற்காக நினைவுக்கு வந்தது என்றால், 2024-இல் என்னை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்திலிருந்து அல்ல, நான் ஈப்போவில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒரு லாரி கம்பெனியிலிருந்து. சிமெண்டும் சுண்ணாம்புக் கல்லும் ஏற்றும் கம்பெனி. பழைய தவுக்கே, அதாவது முதலாளி, போய்விட்டார், மகன் நடத்துகிறார். அவர்கள் சரக்கு ஏற்றித் தரும் ஒரு தொழிற்சாலை கடிதம் அனுப்பியிருக்கிறது: எங்கள் சரக்கை ஏற்றிய வகையில் போன வருடம் உங்கள் லாரிகள் எத்தனை டன் கரியமில வாயு விட்டன, எழுதித் தரவும். சின்னத் தவுக்கே என்னிடம் கடிதத்தை நீட்டி, “ஆன்ட்டி, பழைய டீசல் புக்கெல்லாம் நீங்கதானே வெச்சிருந்தீங்க?” என்றார்.

வைத்திருந்தேன். பழக்கம்.

வாயுவை எடை போட லாரியின் புகைக்குழாயில் எதையும் மாட்ட வேண்டியதில்லை. எத்தனை லிட்டர் எரிந்தது என்று தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 840 கிராம். அதில் சுமார் 86 சதவீதம் கார்பன், மிச்சம் பெரும்பாலும் ஹைட்ரஜன். அந்தக் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு கார்பன் 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. பெருக்கிப் பார்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 2.65 கிலோ வரும். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியில் டீசலுக்கு ஒரு டெராஜூலுக்கு 74,100 கிலோ என்று போட்டிருக்கிறது. அதை லிட்டருக்கு மாற்றினால் 2.68. நான் இந்த எண்ணைத்தான் வைத்துக்கொண்டேன். கேலன் என்றால் 4.546 லிட்டர், ஆக ஒரு கேலனுக்கு 12 கிலோவுக்கு மேல்.

சின்னத் தவுக்கே நம்பவில்லை. ஒரு கிலோகூட இல்லாத டீசலிலிருந்து இரண்டே முக்கால் கிலோ எப்படி வரும்? ஒரு கிலோ அரிசியைப் பொங்கினால் சோறு ஒரு கிலோவா இருக்கிறது, குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிது. தோளில் காண்டாக் கம்பில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பாலை நிறுத்தாலும் சம்பளம் பாலின் எடைக்கு இல்லை. மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து. அந்தப் பங்குக்குத்தான் காசு. டீசலிலும் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் கார்பனின் பங்கை.

சின்னத் தவுக்கேயிடம் ஏற்கெனவே ஒரு மென்பொருள் இருந்தது. ஒவ்வொரு லாரியிலும் ஜிபிஎஸ். ஓடிய கிலோமீட்டரை ஒரு சராசரி எண்ணால் பெருக்கி, அதுவே வாயுக் கணக்கைச் சொல்லிவிடும். அதன் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போகவில்லை, என்னுடையது கூடுதல். எங்கே பிசகு என்று தேடினேன். போர்ட் கிள்ளானில் வரிசையில் நிற்கும் லாரிகள்தான் காரணம். வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் எஞ்சினை அணைக்காமல், ஏர்கான் ஓட, டிரைவர் தூங்குகிறார். கிலோமீட்டர் பூஜ்யம். ஆனால் நிற்கும் லாரியும் குடிக்கும். ஈப்போவிலிருந்து அங்கே போய்த் திரும்ப 480 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பெரிய லாரி 170 லிட்டராவது எரிக்கும். 455 கிலோ வாயு. வரிசை நீளமாக இருந்த நாள் அது இன்னும் ஏறும். மைலை நம்பாதே, டிப் கம்பியை நம்பு என்று பெரிய கிராணி சொல்லிக்கொடுத்ததை ஜிபிஎஸ் விற்க வந்தவரிடம் மலாயில் விளக்கிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

டீசல் வருவதற்கு முன் பேராக்கில் சரக்கு எப்படிப் போனது? கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயம் யானை மீதும், பிறகு மாட்டு வண்டியிலும் போனது. அந்த மாட்டு வண்டிகளை ஓட்டியவர்களில் நம்மவர்கள் நிறைய. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்டுக்கு ஓடியது, எட்டு மைல்தான். அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படையினர். நீராவி எஞ்சின் விறகைத் தின்றது, பிறகு நிலக்கரி. சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது. அதற்கு முன்னாலேயே ரயில் டீசலுக்கு மாறத் தொடங்கிவிட்டது: 1957-இல், நாடு சுதந்திரம் அடைந்த வருடம், இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் டீசல் எஞ்சின்கள் இங்கே வந்து இறங்கின. மறு வருடம், 1958 மார்ச்சில், ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்ல்ஸ் கீலிங் காற்றில் கரியமில வாயுவை விடாமல் அளக்க ஆரம்பித்தார். பத்து லட்சத்தில் ஏறக்குறைய 315 பங்கு இருந்தது அன்று. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஈப்போ ஸ்டேஷனின் வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் நின்று புது டீசல் எஞ்சினைப் பார்த்ததாக அப்பா சொல்வார். கரி பறக்கவில்லை, சட்டை அழுக்காகவில்லை, அதுதான் எல்லாருக்கும் பெரிய அதிசயமாம்.

கண்ணுக்குத் தெரியும் புகை வேறு, நான் இப்போது எழுதும் வாயு வேறு. இதை ஒரு லாரி கம்பெனியில் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கறுப்புப் புகை என்பது சரியாக எரியாத கரித்தூள். அதற்கு இங்கே சட்டம் உண்டு. டீசல் எஞ்சின் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1996-இல் வந்தன. லாரியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குக் கொண்டுபோனால் புகையையும் பார்ப்பார்கள். அதற்கு முந்தின வாரம் நோசல் கழற்றிச் சுத்தம் செய்வார்கள், ஃபில்டர் மாற்றுவார்கள், பாஸ் ஆகிவிடும். 2021-இல் யூரோ 5 டீசல் கட்டாயமாகிக் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது. மூச்சுக்கு நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் நன்றாக எரியும் எஞ்சினில் கார்பன் முழுவதும் கரியமில வாயுவாகப் போகிறது. நிறமில்லை, மணமில்லை. புகையே வராத புது லாரியும் லிட்டருக்கு 2.68 கிலோவை விட்டுக்கொண்டுதான் போகும்.

தோட்டத்துக்குத் திரும்புகிறேன். அந்த டிரம்மிலிருந்து டீசல் லாரிக்கு மட்டும் போகவில்லை. எஞ்சின் வீட்டு ஜெனரேட்டருக்கும் போனது. மாலை ஆறரைக்கு லயத்தில் விளக்கு எரியும். பத்து மணிக்கு ஒரு தடவை கண் சிமிட்டும். அதுதான் எச்சரிக்கை, ஐந்து நிமிடத்தில் இருட்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எஞ்சின்காரரிடம் கெஞ்சி அரை மணி நேரம் கூட வாங்குவார்கள். அந்த அரை மணிக்கான டீசலை நான் எங்கே எழுதுவது? எஞ்சின் வீட்டுக்குத் தனிப் பக்கம் வைத்திருந்தேன், அதில் “கசிவு” என்று எழுதிவிடுவேன். பெரிய கிராணிக்குத் தெரியும். அவர் மகனும் அந்த விளக்கில்தான் படித்தான். இன்று நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் கணக்கிலும் போக்குவரத்துக்கு எரித்த டீசல் தனி, நிலையான எஞ்சினில் எரித்தது தனி என்றுதான் எழுத வேண்டும். எங்கள் புத்தகத்தில் அந்தப் பிரிவு அப்போதே இருந்தது. கசிவு மட்டும் கொஞ்சம் அதிகம்.

அளவைச் சட்டம் 1972-இல் வந்திருந்தாலும் எங்கள் புத்தகத்தில் கேலன் லிட்டராக மாற எண்பதுகள் வரை ஆனது. அந்த மாதம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. டிப் கம்பியில் கேலன் கோடு, புத்தகத்தில் லிட்டர், டிரைவர்கள் வாயில் மைல். 4.546 என்ற எண்ணை ஸ்டோர் கதவின் உள்பக்கம் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்தேன். லிட்டர் வந்ததும் எண்கள் பெரிதாகிவிட்டன. இத்தனை டீசலா என்று துரை ஒரு தடவை மிரண்டே போனார்.

லாரி ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் சோதனைக்களம் புக்கிட் பெராபிட். பாடாங் ரெங்காசுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே பழைய கூட்டரசு சாலை வளைந்து வளைந்து ஏறும் கணவாய். ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போகும். பின்னால் இருபது கார். லாரியின் உதவியாளான கெலிண்டான் கீழே குதித்து, கையில் கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வருவான், லாரி பின்னால் நகர்ந்தால் முட்டுக்கொடுக்க. பினாங்குப் பக்கம் போன நாளில் அப்பாவின் வரியில் கேலன் எப்போதும் இரண்டு கூடியிருக்கும். முதல் தடவை நான் அதைச் சந்தேகப்பட்டேன். “பெராபிட்டை நீ ஏறிப் பாரும்மா, பிறகு எழுது” என்றார். 1994-இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. ஒரு நடைக்கு ஆகும் டீசல் குறைந்தது, இது ஈப்போவில் நான் எழுதிய புத்தகத்திலேயே தெரிந்தது. ஆனால் நடைகளின் எண்ணிக்கை கூடியதில் வருட மொத்தம் ஏறித்தான் போனது. ரோடு நன்றாக இருந்தால் லாரி பெருகும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், என் புத்தகங்களின் தடிமனைப் பார்த்தாலே போதும்.

அதே பெராபிட்டை ரயில் இப்போது 3.3 கிலோமீட்டர் சுரங்கப் பாதையில் கடக்கிறது, மின்சாரத்தில். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு மின்ரயில் 2010-இல் வந்தது, 2015-இல் பாடாங் பெசார் வரை நீண்டது. டீசல் இல்லை என்பதால் வாயு இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் பேராக்கின் மஞ்சோங்கிலேயே 2003 முதல் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அது வேறு பக்கத்தில் எழுத வேண்டிய கணக்கு.

டீசலை லிட்டர் லிட்டராகப் பின்தொடர்வதில் அரசாங்கத்துக்குத் திடீரென்று அக்கறை வந்தது 2024-இல். காரணம் காலநிலை அல்ல, கஜானா. டீசலுக்குக் கொடுத்த மானியம் 2019-இல் 140 கோடி வெள்ளி (ரிங்கிட்). 2023-இல் 1,430 கோடி. அந்த நான்கு வருடத்தில் டீசல் வண்டிகள் கூடியதோ 3 சதவீதம். பத்து மடங்கு பணத்தை மூன்று சதவீத வண்டி குடித்திருக்க முடியாது. விலையேற்றத்தைக் கழித்தாலும் மிச்சம் எங்கோ ஒழுகியிருக்கிறது: மலிவு டீசல் தொழிற்சாலைக்குப் போகும், கடலில் கைமாறும், எல்லை தாண்டும். ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசானது. சரக்கு லாரிகளுக்குத் தனி அட்டை, பழைய விலை, அளவுக்கு வரம்பு. எந்த லாரி, எந்த நாள், எந்த ஸ்டேஷன், எத்தனை லிட்டர் என்று எல்லாம் பதிவாகிறது. என் ஏழு காலமும் ஒரு அட்டைக்குள் போய்விட்டன. பார்த்தபோது பெரிய கிராணியைப் பார்த்த மாதிரி இருந்தது.

இதில் வாயுக் கணக்குக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாடு தன் சாலைகளின் கரியமில வாயுவை எழுதும்போது விற்ற எரிபொருளை வைத்தே எழுதுகிறது. ஈப்போ ஸ்டேஷனில் விற்ற டீசல் எங்கோ நடுக்கடலில் வேறு நாட்டுப் படகில் எரிந்தாலும், வாயு மலேசியச் சாலையின் பேரில் ஏறிவிடும். புத்தகத்தில் கேலன் இருக்கும், லாரியில் இருக்காது. நாங்கள் நாற்பது வருடத்துக்கு முன் பட்ட பாடு, இப்போது நாட்டின் அளவில்.

இன்னொரு விஷயமும் என்னை உறுத்துகிறது. எங்கள் தோட்டத்தில் எண்பதுகளில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு லயமும் போனது. இன்று இங்கே பம்பில் வரும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலந்திருக்கிறது; 2011-இல் 5 சதவீதத்தில் தொடங்கி, பிறகு 7, 2019 முதல் 10. இது புதிய யோசனை இல்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ருடால்ஃப் டீசலின் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். கச்சாங் பூத்தே என்ற கடலைத் தின்பண்டம் வறுக்கும் ஈப்போவின் புந்தோங்கில் முப்பது வருடம் குடியிருந்தவள் நான். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கணக்கு எழுதும் முறைப்படி, அந்த 10 சதவீதத்தின் வாயுவை எரிபொருள் கணக்கில் சேர்க்க வேண்டாம், மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதானே திரும்பப் போகிறது என்கிறார்கள். அப்போது லிட்டருக்கு 2.41 ஆகிவிடும். சின்னத் தவுக்கேக்கு ரொம்பப் பிடித்த எண் இது. விதிப்படி அதையே எழுதிக் கொடுத்தேன். கழித்ததைக் கீழே தனி வரியாகவும் எழுதினேன். உரம் ஏற்றிய லாரி, குலை ஏற்றிய லாரி, ஆலைக்குப் போன லாரி எல்லாம் என் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்தக் குலை எங்கள் லயம் நின்ற மண்ணிலிருந்து வருகிறது என்பதற்காகக் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபமும்தான்.

1989-இல் தோட்டத்தை விட்டுக் கிளம்பினோம். ஸ்டோரைக் காலி செய்த அன்று கடைசிப் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலைக்குக் கணக்கு அனுப்பி முடித்த இரவு அதை எடுத்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எட்டாவது காலம் ஒன்று கோடு போட்டேன். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் லாரி. “சொந்த வேலை, சம்பளத்தில் பிடிக்கவும்” என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இரண்டு நடை, 28 லிட்டர். 75 கிலோ.

சின்னத் தவுக்கேயின் படிவத்தில் சரக்கு எடையும் கேட்பார்கள், ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு வாயு என்று பார்க்க. அதையும் போட்டுவிடலாம் என்று, அன்று லாரியில் என்னென்ன ஏற்றினோம் என அம்மாவைக் கேட்டேன். எண்பத்தாறு வயது, ஞாபகம் மட்டும் டிப் கம்பி மாதிரி. அலமாரி, இரும்புக் கட்டில் இரண்டு, தையல் மெஷின், கோழிக்கூடு, சாமி படங்கள், நாங்கள் ஆறு பேர். நான் எழுதி, ஒரு டன் வராது என்றேன்.

“ஆட்டுக்கல்லைச் சேர்த்தியா?” என்றார் அம்மா.